நீச்சலும் ஒரு கல்வியே

நீர்வளம் உடைய நாடு என்று தாய்மண்ணைப் புகழ்தல் தமிழ்ப் புலவர் மரபு. அப்புகழுரைக்கு மட்டக்களப்பைப் போல உரிமை பூண்ட நிலங்கள் ஈழத்திற் சிலவே. இப்பகுதியின் பெயரிலேயே களப்பு அமைந்து கிடக்கின்றது. கடலோடு தொடர்புற்று, கரைக்கு உட்புறமாகப் பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பைக் களப்பு என்பர். எழுத்து வழக்கில் அதனை வாவி என்கிறோம். ஊர்மக்களோ ஆறு என்றே சொல்லி அமைவர். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கு வடக்கே வாழைச்சேனைக் களப்பு. கிழக்கெல்லை முழுதும் வங்கக் கடல். மேற்கே குளங்களும் வாய்க்கால்களும் வயல்வெளிகளும். எத்திசை நோக்கினும் நீரே கண்ணிற் படும்.

நான் வாழும் கிரான், மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர். மாரி பிறந்து வெள்ளம் பெருகிவிட்டால், கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி நீருள் மறைந்துவிடும். அப்புறத்து மக்கள் கடைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தோணியேறியே இப்புறம் வருவர். நெல் மூட்டையும் சைக்கிளும் கைக்குழந்தையும் ஒரே தோணியில் ஏறிவரும் காட்சியை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இத்தனை நீரின் நடுவே வாழும் நம்மவருள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? சென்ற தவணையில் வகுப்பொன்றில் இவ்வினாவை எழுப்பினேன். ஆண்பிள்ளைகளுட் பாதிக்கும் குறைவானோர் கையுயர்த்தினர். பெண்பிள்ளைகளுட் கையுயர்த்தியவள் ஒருத்தி. அவளும் தகப்பனார் மீன்பிடித் தொழில் செய்பவராதலால் தானாகக் கற்றவள். யாப்பும் அணியும் கற்பிக்கும் எனக்கு இது பெருஞ்சிந்தனையைத் தந்தது. அச்சிந்தனையை வளர்த்தது, என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தியின் முயற்சி.

முப்போட்டி என்பது யாது?

அம்மாணவி இப்போது அயலூர்ப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பதை அணுகுகின்றது. பள்ளி நாளிலேயே ஓட்டத்தில் வல்லவள். சைக்கிள் மிதித்தே நாள்தோறும் பதினைந்து கிலோமீற்றர் சென்று மீள்பவள். சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஒரு மாலையில் என் இல்லத்துக்கு வந்து, தான் ஒரு முப்போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்திருப்பதாகக் கூறினாள்.

“ஓட்டமும் சைக்கிளும் எனக்குப் பயமில்லை ஐயா. நீச்சலை நினைச்சாத்தான் நெஞ்சு பதறுது” என்றாள்.

டிரையத்லன் என்று உலகோர் வழங்கும் இப்போட்டியின் பெயர், மூன்று என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோடு போட்டி என்னும் பொருளுடைய சொல் புணர்ந்து பிறந்தது. ஆகவே தமிழில் முப்போட்டி என்பது தகும். நீச்சல், சைக்கிளோட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையறாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்தல் இதன் இலக்கணம். பெயர் கிரேக்கமாயினும் போட்டி பழங்கிரேக்கத்தது அன்று. 1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் சான்டியாகோ நகரை அடுத்த மிஷன் குடாவில் இப்பெயரோடு ஒரு போட்டி நடந்தது. 46 பேர் கலந்துகொண்டனர். 1978இல் ஹவாயில் நடந்த நெடும்போட்டி இதனை உலகறியச் செய்தது. அங்கே 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் மரதன் ஓட்டமும் ஓடவேண்டும். தொடங்கியோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். இலங்கையிலும் 2018இல் கொழும்பில் நெடும்போட்டியின் பாதியளவுப் போட்டி நடைபெற்றது; அதன் நீச்சல் 1.9 கிலோமீற்றர். புதியோர்க்குரிய சிற்றளவு ஒன்றும் உண்டு: நீச்சல் 750 மீற்றர், சைக்கிள் 20 கிலோமீற்றர், ஓட்டம் 5 கிலோமீற்றர். என் மாணவி பெயர் கொடுத்தது இதற்கே.

மூன்றனுள் நீச்சல் ஏன் முதலில் நிற்கிறது? ஓடுபவன் களைத்தால் நின்றுவிடலாம். சைக்கிள் மிதிப்பவன் களைத்தால் இறங்கி மரநிழலில் இருந்துவிடலாம். நீரில் களைத்தவனுக்கு இருக்க இடமில்லை. ஆகவே உடல் புத்துணர்வோடு இருக்கும் வேளையிலேயே நீரைக் கடந்துவிடுமாறு முறை வகுத்தனர். நேர அளவிற் பார்த்தால் மூன்றனுள் மிகச் சிறியது நீச்சல். அச்ச அளவிற் பார்த்தால் அதுவே மிகப் பெரியது. முதன்முறை இறங்குவோரை உறங்கவிடாமற் செய்வதும் அதுவே.

பழந்தமிழர் நீரறிவு

நீச்சல் நமக்குப் புதிய கலையோ எனின், அன்று. சங்க நூல்களைப் பயின்றோர் புனலாட்டைப் பன்முறை கண்டிருப்பர். வையையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரை மக்கள் திரண்டு சென்று ஆடிய செய்தியைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. மகளிர் வேழக்கோலாற் கட்டிய புணையைப் பற்றிக்கொண்டு நீராடியதும் பழம்பாடல்களிற் காணப்படுவதே. புறநானூற்றில் ஒரு முதியவர் தம் இளமையை நினைந்து ஏங்குகிறார். தொடித்தலை விழுத்தண்டினார் என்று நாம் அறியும் புலவரின் பாடல் அது. நீர்த்துறையிற் படிந்த மருத மரத்தின் கொம்பிலேறி, கரையில் நின்றோர் மருளுமாறு ஆழமான மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலெழுந்த இளமை இன்று எங்குச் சென்றது என்று தண்டூன்றி நிற்கும் முதுமையில் அவர் கேட்கிறார். முதுமையை நினைந்து பாடவந்த புலவர்க்கு இளமையின் அடையாளமாகத் தோன்றியது நீர்விளையாட்டு என்பதை நோக்குக.

மணிமேகலையிற் சாதுவன் என்னும் வணிகன், மரக்கலம் உடைந்த வேளையில் முறிந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிக் கரைசேர்கிறான். நீரின் கொடுமையையும் நம் முன்னோர் மறந்தாரல்லர். ஆட்டனத்தி என்பான் ஆடலில் வல்லவன். கழார்த் துறையில் புனலாடியபோது காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. அவனைத் தேடி ஆதிமந்தி கரை நெடுக அழுது அலைந்த செய்தி சங்கப் பாடல்களிற் பலவிடத்து வருகின்றது. வல்லவனையும் நீர் வாங்கும் என்பதற்கு ஆட்டனத்தி சான்று. கற்றவன் கைப்பற்றிய சிறு துரும்பும் உயிர் காக்கும் என்பதற்குச் சாதுவன் சான்று.

பிறவியைக் கடலாகவும் அதனைக் கடத்தலை நீந்துதலாகவும் திருவள்ளுவர் தம் முதலதிகாரத்திலேயே உருவகித்தார். அவ்வுருவகத்தை ஆண்டுதோறும் வகுப்பறையிற் கரும்பலகை முன் நின்று விளக்குகிறோம். நீந்தி அறியாத பிள்ளைக்கு நீந்துதல் என்னும் சொல் வெறும் ஒலியாகவே எஞ்சுகிறது என்பது என் அனுபவம்.

பாக்கு நீரிணை கடந்தோர்

அண்மைக் காலத்துக்கு வருவோம். வடபுலத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்றார். ஏறத்தாழ 27 மணி நேரம் நீரிலே கழித்தார். 1966இல் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னார்க்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறை வி. செ. குமார் ஆனந்தன், மன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து மீண்டும் நீந்தியே திரும்பி வந்தார். 51 மணி நேரம் எடுத்த அச்செயலால் ஆழிக்குமரன் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. 1994இல் தமிழகச் சிறுவன் குற்றாலீசுவரன் பன்னிரண்டாம் வயதில் இந்நீரிணையைக் கடந்தான். 2004இல் வங்கப் பெண்மணி பூலா சௌதுரியும் கடந்தார்.

ஆழிக்குமரனைப் பற்றி ஒரு செய்தி என் மாணவியை வியப்பில் ஆழ்த்தியது. அவர் நீச்சலில் மட்டும் வல்லவரல்லர். 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடையறாது சைக்கிள் மிதித்து உலக சாதனை நூலில் இடம்பெற்றவர். முப்போட்டி என்னும் சொல் இலங்கையில் வழங்காத அந்நாளிலேயே மூன்றில் இரண்டை ஒருவர் உலக அளவில் செய்து காட்டிவிட்டார்.

அத்தகைய வீரரே 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அக்கால்வாயின் ஒடுங்கிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீற்றரே. ஆனால் கோடையிலும் அதன் நீர் செல்சியஸ் அளவில் 15 முதல் 18 பாகை வரையே இருக்கும். நம் கிழக்குக் கடலோ அதனினும் மிக வெதுவெதுப்பானது. ஒரு நீரை அறிந்தவன் எல்லா நீரையும் அறிந்தவனாகான். தொலைவை மட்டும் கணக்கிடுவோர் நீரின் குளிரையும் காற்றையும் இழுவையையும் கணக்கில் விட்டுவிடுகின்றனர். இந்தப் பாடத்தை அவளுக்கு மறைக்காமற் சொன்னேன். வீரத்தைச் சொல்லி ஊக்கிவிட்டு அபாயத்தைச் சொல்லாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று.

சொல்லும் செயலும்

அவள் என்னை நாடி வந்ததற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. பயிற்சிக் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. “மனசுக்குள்ள தமிழிற் சொல்லிக்கொண்டு நீந்தினாத்தான் ஐயா கையும் காலும் கேக்குது, சொல்லுத் தாங்க” என்றாள். பண்டிதர்க்கு இதனினும் இனிய வேண்டுகோள் உண்டோ?

கையை முன்னே நீட்டி, முழங்கையை உயர வைத்து, உள்ளங்கையால் நீரைப் பிடித்துப் பின்னே தள்ளும் முதற்செயலுக்கு ‘நீர்ப்பற்று’ என்றேன். காலை மாறிமாறி அடித்தலுக்குக் ‘காலடி’ என்று சொன்னேன்; நடக்கும் காலடியோடு மயங்கும் என்று அவளே அதனை மறுத்துக் ‘காலுதை’ என்று கொண்டாள். கற்போர் கையிற் பற்றும் நுரைப்பலகைக்குச் சங்கத்துச் சொல்லாகிய புணை என்பதையே வைத்தோம். வேழக்கோற் புணையும் நுரைப்பலகையும் ஒரே தொழிலைச் செய்வனவன்றோ? இடையிடையே தலையெடுத்துத் திசையை அறிதலுக்குக் ‘குறிபார்த்தல்’ என்று பெயர் சூட்டினோம்.

இச்சொற்களை எங்களூர் முதிய மீனவர் ஒருவரிடம் சொன்னேன். எழுபதைக் கடந்தவர், தோணியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். குறிபார்த்தலைக் கேட்டதும் அவர் நகைத்தார்.

“வாத்தியார், இதை முதலையிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமே! கண்ணும் மூக்கும் மட்டுந்தான் அது வெளியில காட்டும். தலையை முழுசாத் தூக்கினா இடுப்புத் தாண்டு போகும்; இடுப்புத் தாண்டா ஆள் நிண்டு போவான்.”

நீச்சற் பயிற்சியாளர் பலரும் கூறுவது இதுவே. தலை உயர்ந்தால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உடல் நீரை எதிர்த்து நிற்கும். கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வந்து குறியைக் கண்டதும், முகம் பக்கவாட்டிற் சாய்ந்து மூச்சை வாங்கி மீண்டும் நீருட் செல்லவேண்டும்.

பயிற்சி நடந்த முறை

கிழக்குக் கரையின் கடல் ஆண்டு முழுதும் ஒரு தன்மையதன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியில் அது கொந்தளிக்கும். சித்திரை முதல் புரட்டாசி வரையிலான மாதங்களில் அடங்கிக் கிடக்கும். ஆகவே சித்திரையிற் பயிற்சி தொடங்கியது பொருத்தமாயிற்று. இடமும் வாய்ப்பாக அமைந்தது. பாசிக்குடா என்னும் பெயரே அதன் இயல்பைக் கூறும். வளைந்த குடாவும் பவளப் பாறைத் தடுப்பும் அலையை அடக்கிவிடுதலால், நெடுந்தூரம் மார்பளவு நீரிலேயே நடந்து செல்லலாம். கால் நிலத்தைத் தொடும் இடத்திற் கற்பவர்க்கு அச்சம் பாதி குறையும். களப்பில் முதலை உண்டு. விரித்த வலையும் நட்ட தடியும் உண்டு. கலங்கிய நீரில் அடி தெரியாது. ஆகவே களப்பை விடுத்துக் குடாவைத் தேர்ந்தோம்.

முதல் இரண்டு வாரங்களும் அவள் ஒரு முழமேனும் முன்னேறினாளில்லை. முன்னேற வேண்டியதும் இல்லை. இடுப்பளவு நீரில் நின்று முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் மூச்சை மெல்ல விடப் பழகினாள். நீரில் திணறுவோர் பலரும் காற்றுப் போதாமையால் திணறுகின்றனர் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளே அடக்கிய காற்றை வெளிவிடாமையே காரணம். பழைய மூச்சு வெளியேறாத நெஞ்சிற் புதிய மூச்சுக்கு இடமேது? இது அவள் எனக்குக் கற்பித்த பாடம்.

அடுத்து மிதத்தல். மல்லாந்து கிடந்து, காது நீருட் செல்ல, வானத்தை நோக்கி அசையாது கிடத்தல். உவர்நீர் நன்னீரினும் உடலை எளிதில் தாங்கும். இதனைக் கற்றவர்க்கு நடுக்கடலிலும் ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது. முப்போட்டியின் விதிகளும் இதற்கு இடந்தருகின்றன. களைத்தவர் மிதவையையோ காவற்படகையோ பற்றி இளைப்பாறலாம். பற்றியபடி முன்னேறுதல் மட்டும் கூடாது. இவ்விதியை அறிந்த நாளில் அவள் முகத்திற் படர்ந்த தெளிவை நான் கண்டேன்.

வைகாசியில் 50 மீற்றர், ஆனி நடுவில் 200 மீற்றர், ஆடியில் 400. கிழமைக்கு மூன்று நாள், விடியற்காலையில், காற்று எழுமுன். கரையோரமாகவே, கரைக்கு இணையாகவே நீந்துதல். தனியே ஒருநாளும் இறங்காமை. செம்மஞ்சள் நிற மிதவைப் பை ஒன்றை இடுப்பிற் கட்டுதல். தோணி ஒன்று அருகே வருதல். இவை நான்கும் எங்கள் விதிகள். தோணியில் அந்த முதியவரும், கைக்கடிகாரத்தோடு நானும் இருப்போம். சொறிமுட்டை மிதக்கும் நாட்களில் அவர் தூரத்திலேயே கண்டு நிறுத்திவிடுவார். பெருமழை பெய்த மறுநாளும் இறங்க விடமாட்டார். நிலத்து அழுக்கெல்லாம் நீருக்கு வரும் என்பது அவர் வாதம். பாரிஸ் மாநகரம் 2024 ஒலிம்பிக்கில் இதனையே கற்றது. மழையின் பின் சேன் ஆற்றுநீர் தூய்மை குன்றியதால், ஆடவர் முப்போட்டியை ஜூலை 30இலிருந்து மறுநாளுக்குத் தள்ளிவைத்தனர்.

நேராக நீந்துதல் எளிதன்று என்பதும் தெரிந்தது. நீச்சற் குளத்தில் அடியிற் கோடு வரைந்திருப்பர், கடலிற் கோடில்லை. அவள் தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்து சென்றாள். அரைக் கிலோமீற்றரில் அறுபது எழுபது மீற்றர் வீணாயிற்று. கரையில் உயர்ந்து நின்ற தென்னை ஒன்றைக் குறியாக வைத்து, எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை குறிபார்க்கப் பழகியபின் அக்குறை நீங்கியது. பலர் ஒருங்கே இறங்கும் போட்டியிற் பிறர் கையும் காலும் மேலே படும். அதற்காக அவளுடைய மாணவர் நால்வரைச் சுற்றி நீந்தச் செய்து, முட்டியும் மோதியும் பழக்கினோம். முடிவில் நீரிலிருந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதுண்டு. நெடுநேரம் கிடந்த உடல் திடீரென நிமிர்தலே அதற்குக் காரணம். கடைசி ஐம்பது மீற்றரில் காலுதையைச் சற்று விரைவாக்கினால் கால்களிற் குருதி பாய்ந்து, சைக்கிளை நோக்கி ஓட உடல் ஆயத்தமாகும்.

ஒரு தாயின் அச்சம்

இவையாவும் உடலைப் பற்றியவை. அவளுடைய பெருந்தடை வீட்டிலே இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது, அவளுடைய தாயாரின் தங்கை கல்குடாக் கரையில் இருந்தாள். மீளவில்லை. அந்நாள் தொட்டு அத்தாயார் கடலைப் பார்ப்பதில்லை, மீனும் சமைப்பதில்லை. மகள் நீந்தப் பழகுகிறாள் என்றறிந்ததும் என்னிடம் வந்தார்.

“ஐயா, என்ட தங்கச்சிய எடுத்த கடலுக்கு என்ட மகளையும் நீங்களே அனுப்பிறீங்களா?” என்று கேட்டார்.

இதற்கு விடை எந்நூலில் உள்ளது? சுனாமிப் பேரலையை நீச்சல் வென்றுவிடும் என்று சொல்ல என்னால் இயலாது. அஃது உண்மையும் அன்று. அவ்வலையின்முன் நீந்த வல்லவரும் மாண்டனர். ஆனால் நம் ஊர்களில் நீர் கொண்டுபோகும் உயிர்கள் பேரலையால் மட்டும் போவன அல்ல. குளத்திற் குளிக்கச் சென்ற பிள்ளை, வெள்ளத்தில் வீதியைக் கடந்த பிள்ளை, தோணி கவிழ்ந்த பிள்ளை என்று ஆண்டுதோறும் செய்தி கேட்கிறோம். நீரில் மூழ்கி 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பித்தலை அந்நிறுவனம் தடுப்பு வழிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவையும் 2021 முதல் ஜூலை 25ஆம் நாளை மூழ்கி இறத்தலைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது.

“தங்கச்சி, கடல் வந்து போன ஊரில் நாம் இருக்கிறோம். நாம் இடம் மாறப் போவதில்லை. கடலும் மாறப் போவதில்லை. நீந்தத் தெரிந்தவர் ஒருவராவது வீட்டில் இருக்கட்டும்” என்றுமட்டும் சொன்னேன். அவர் விடை கூறாது சென்றுவிட்டார்.

மகளும் தாயோடு வாதிடவில்லை. 1959இலேயே ஆரதி சாகா என்னும் வங்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்தி, ஆசியப் பெண்களுள் முதல்வியானாள் என்று நான் எழுதிக்கொடுத்த குறிப்பைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். அவ்வளவே.

ஆவணி முதல் ஞாயிறன்று 750 மீற்றர் முழுதையும் நீந்திப் பார்ப்பதென்று நாள் குறித்தோம். கச்சான் காற்று அன்று சற்று முந்தியே எழுந்துவிட்டது. போகும்போது காற்று முதுகிலே, திரும்பும்போது முகத்திலே. நானூறு மீற்றரின் பின் அவள் கைவீச்சுத் தளர்ந்தது. ஒரு சிற்றலை முகத்தில் அறைய, நீரைக் குடித்து இருமினாள். முதியவர் துடுப்பை நீட்டினார். அவள் அதனைப் பற்றவில்லை, மல்லாந்து மிதந்தாள். ஒரு நிமிடம் அப்படியே வானைப் பார்த்துக் கிடந்தாள். பின் புரண்டு, தென்னையைக் குறிபார்த்து, மீண்டும் நீந்தலானாள். கரை சேர்ந்தபோது 24 நிமிடமும் சில விநாடிகளும் ஆகியிருந்தன. வல்லோர் இதிற் பாதிக்கும் குறைந்த நேரத்தில் முடிப்பர். எங்களுக்கு அந்த ஒரு நிமிட மிதப்பே அன்றைய வெற்றியாகத் தோன்றியது.

கரையிலே தென்னைநிழலில் அவளுடைய தாயார் துவாயோடு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. கடலுக்கு முதுகு காட்டியே நின்றார். மகள் அருகே வந்ததும் தலையைத் துவட்டிவிட்டு, “தண்ணி குடிச்சியா மகள்?” என்று கேட்டார். “கொஞ்சம் குடிச்சிட்டன் அம்மா.” “உப்பா?” “உப்புத்தான்.” வேறு பேச்சு எழவில்லை. இருவரும் வீட்டுக்குப் போயினர்.

செய்ய வேண்டுவன

போட்டிக்கு இன்னும் சில கிழமைகள் உள்ளன. அவள் எத்தனையாவதாக வருவாள் என்பது எனக்குப் பெரிதன்று. அவளுக்கும் பெரிதன்று என்றே எண்ணுகிறேன். இதற்கிடையில், அவளைச் சுற்றி முட்டி மோதி நீந்திய நான்கு மாணவர் பதினொருவராகிவிட்டனர். அவருட் பெண்பிள்ளைகள் ஐவர். தோணிக்காரப் பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டு, “கையெழுத்துத்தான் தெரியாது, இதாவது படிப்பிக்கிறனே” என்கிறார்.

கல்வியதிகாரிகளும் பெற்றோரும் சிந்திக்கவேண்டிய இடம் இது. நீச்சல் என்றதும் பளிங்குக் குளமும் பெருஞ்செலவுமே நம் நினைவுக்கு வருகின்றன. குளமின்றியே தொடங்கலாம். கோடையில் அடங்கிய கடற்குடா இருக்கிறது. நீரறிந்த முதியவர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்தம் அறிவு அவரோடு மறையுமுன் அதனைப் பிள்ளைகளுக்கு மாற்றுதல் வேண்டும். மூன்று திறன்கள் முதலிற் போதும்: நீருள் மூச்சு விடுதல், அசையாது மிதத்தல், 25 மீற்றர் தூரம் கரைநோக்கி நகர்தல். பெண்பிள்ளைகளுக்கு மறைவும் தக்க உடையும் பெண் ஆசிரியரும் வேண்டும் என்போர் கூற்று நியாயமே. அவற்றை ஏற்படுத்துவது அரிய காரியமன்று. மூழ்குபவனைக் காக்கக் குதித்து இருவராய் மாளுதலும் நம்மிடை மிகுதி. கயிற்றையோ தடியையோ வெற்றுக் கலனையோ எறிந்து காத்தலையும் உடன் கற்பிக்கவேண்டும்.

எண்ணும் எழுத்தும் அறியாப் பிள்ளையைக் கண்டால் நாம் இரங்குகிறோம்; ஊரார்முன் நாணுகிறோம். களப்பு நாட்டிற் பிறந்து நீந்த அறியாப் பிள்ளையைக் கண்டும் அவ்வாறே இரங்கும் நாள் வரவேண்டும். வரும் மாரிக்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகளேனும் மிதக்கக் கற்றுவிட்டால், புலிபாய்ந்தகல் தோணியில் அவர்கள் ஏறும்போது கரையில் நிற்கும் தாய்மாரின் நெஞ்சு சற்று இலேசாகும்.